18.30 மீட்டருக்குக் கீழே தீப்பிடித்தால்?

2022 மார்ச் 26, சனிக்கிழமை அதிகாலை. வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு சிறிய வீடு. புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவும் 13 வயது மகளும் தூங்கப் போயிருந்தார்கள். வண்டி பற்றிக்கொண்டது. வாசல் பக்கம் தீ. வெளியே வர வழியில்லை. குளியலறைக்குள் ஓடிய இருவரும் அங்கேயே மூச்சுத்திணறி இறந்துபோனார்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு நாடு முழுக்க பேட்டரியைப் பற்றித்தான் பேச்சு. அதே கோடையில் வேறு ஊர்களிலும் மின்சார வண்டிகள் எரியவே, மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தைத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் ஒரு பகுதியும், 2023 மார்ச் இறுதியில் மீதியும் நடைமுறைக்கு வந்தன. வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாசலில் தீ நின்றால் வெளியேற அந்த வீட்டுக்கு இன்னொரு வழி உண்டா? புகை எழுந்ததும் அலறி எழுப்ப ஏதாவது கருவி உண்டா? புதிதாக வீடு கட்டுகிறவரிடம் நம் கட்டட விதிகள் இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்கின்றனவா?

கேட்பதில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை நீளும் தோல் தொழில் பட்டையில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெளிநாடுகளில் இந்த விவாதம் எங்கேயோ போய்விட்டது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் 2016 ஜனவரி முதல், கூரையில் தீயணைப்புத் தெளிப்பான், அதாவது ஸ்பிரிங்க்ளர், இல்லாமல் ஒரு புது வீடுகூடக் கட்ட முடியாது. தனி வீடும் இதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 30.6 லட்சம். அதே ஆண்டு நம் கணக்கெடுப்பில், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிவதற்கு முந்தைய பழைய வேலூர் மாவட்டத்தில் 39.36 லட்சம் பேர். நம் பழைய மாவட்டத்தைவிடச் சின்ன நாடுதான் உலகிலேயே முதலாவதாக இதைச் சட்டமாக்கியது. அப்படியே எடுத்து இங்கே போட்டுவிடலாமா?

கூடாது என்பதே என் கருத்து. ஆனால் 'நமக்கெல்லாம் எதுக்கு சார் அது' என்று நழுவுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

டேப் பிடித்து அளக்கும் சட்டம்

தமிழ்நாட்டில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் 2019 பிப்ரவரியில் வந்த 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்'தான் அடிப்படை. அதில் தீ சம்பந்தமான பெரிய கோடு 18.30 மீட்டரில் கிழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே போனால் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, வண்டி சுற்றிவர இடம், தண்ணீர்த் தொட்டி என்று கேள்வி மேல் கேள்வி. அதற்குக் கீழே இருக்கும் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டீர்கள், எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பதோடு முடிந்துவிடும்.

தேசிய கட்டட நெறிமுறையின் 2016 பதிப்பு, நான்காம் பகுதியில் தீப் பாதுகாப்பை விரிவாகப் பேசுகிறது. அது பரிந்துரைதான், மாநிலங்கள் தங்கள் விதிகளுக்குள் எடுத்துக்கொண்டால்தான் பல் முளைக்கும். அதன் கணக்கில் 15 மீட்டர் தொட்டாலே உயர்மாடி. நம் விதியில் 18.30. இடையில் கிட்டத்தட்ட ஒரு மாடி. நெறிமுறையும்கூட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் கேட்பது 45 மீட்டருக்கு மேல்தான். அதற்குக் கீழே, அடித்தளம் பெரிதாக இருந்தால் அங்கே மட்டும் போதும் என்கிறது. ஒரு குடும்பம் வசிக்கும் தனி வீட்டிடம் அது ஸ்பிரிங்க்ளரே கேட்பதில்லை.

ஆம்பூரில் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஊரைத் திரும்பிப் பாருங்கள். மசூதி மினார்களும் செல்போன் டவர்களும் ஷூ கம்பெனிகளின் நீளக் கூரைகளும் தெரியும். 45 மீட்டரில் குடியிருப்பு எங்கே இருக்கிறது? இந்தப் பட்டையில் மக்கள் வாழும் வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே சட்டத்தின் தீக்கண்ணுக்குக் கீழே இருக்கின்றன.

2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இடத்தை வந்து பார்ப்பதில்லை. பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். பிளான் அப்ரூவலுக்காக நகராட்சிப் படிக்கட்டில் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டின் தரைத்தளத்தில் குடும்பம் இருக்கப்போகிறதா, குடோன் இருக்கப்போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அதோடு போய்விட்டது.

வீடா, பட்டறையா?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்துத் தெருக்களில் பகல் பதினொரு மணிக்கு நடந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். வீட்டுத் திண்ணையில், அல்லது கதவோரம் வெளிச்சம் விழும் இடத்தில், பெண்கள் மடியில் ஷூவின் மேல்பாகத்தை வைத்துக்கொண்டு கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு அப்பர் தைப்பது என்று பெயர். ஜோடிக் கணக்கில் கூலி. பெங்களூரின் சிவிடெப் அமைப்பு பிரிட்டிஷ் அமைப்புகளோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஆம்பூர் வட்டாரத்தின் இந்த வீட்டுத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஷூக்களின் ஒரு பகுதி வேலை இந்தத் திண்ணைகளில் நடக்கிறது.

தைப்பதில் தீ அபாயம் பெரிதாக இல்லை. தோலும் லேசில் கொழுந்துவிட்டு எரியாது. கருகிச் சுருங்கிக் கரும்புகை கக்கும். அபாயம் அதைச் சுற்றி வரும் சாமான்களில் இருக்கிறது. உள்ளே வைக்கும் ஃபோம், செயற்கை லைனிங், சோல், அடுக்கிவைத்த அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுவதற்கான சொல்யூஷன். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகளில் மூடி திறந்தபடியே அந்த டின் இருக்கும். ஓரமெல்லாம் காய்ந்து தடித்த பசை, அதில் செருகி நிற்கும் பிரஷ், பக்கத்தில் துடைத்துப் போட்ட துணி. அந்தப் பசையில் டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். பத்தடி தள்ளி ஒரு அடுப்போ, சாம்பிராணித் தட்டோ, ஏற்றிவைத்த விளக்கோ இருந்தால் ஆவி அங்கே போய்ப் பற்றிக்கொண்டு, வந்த வழியே டின்னுக்குத் திரும்பும். தோல் பளபளப்புக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இதைவிட மோசம்.

இதே சொல்யூஷன் ஷூ கம்பெனிக்குள் இருந்தால் கதையே வேறு. தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 38-ஆவது பிரிவு தீத் தடுப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு மேல் வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர்கள் வருவார்கள். அவசர வழியில் ஒரு அட்டைப்பெட்டி நின்றால்கூடக் குறித்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஏற்றுமதிக் கம்பெனிகளின் சுவரோரம் சிவப்புக் குழாய்கள் ஓடுகின்றன. கேட்டைத் தாண்டி வேலை வெளியே வந்ததும் அந்தக் குழாயும் இல்லை, சட்டமும் இல்லை. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2020-இன் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக உயர்த்திவிட்டது. வீட்டு முன்னறையில் ஆறு பேர் உட்கார்ந்து ஒட்டினால் அது எந்தக் கணக்கிலும் வராது. நகராட்சிப் பதிவேட்டில் அது குடியிருப்பு.

இப்படிப்பட்ட கட்டடங்கள் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2019 டிசம்பர் 8, டெல்லி அனாஜ் மண்டி. நெருக்கமான தெருவுக்குள் இருந்த கட்டடத்தில் பை தைக்கும் பட்டறைகள். வேலை செய்தவர்கள் அங்கேயே படுத்திருந்தார்கள். 43 பேர் இறந்தார்கள். 2025 மே 18, ஹைதராபாத் சார்மினார் அருகே குல்சார் ஹவுஸ். கீழே கடைகள், மேலே வீடு, குறுகலான ஒரே நுழைவு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர், அதில் 8 குழந்தைகள். இரண்டுமே வானளாவிய கட்டடங்கள் இல்லை.

வேலை செய்யும் இடத்திலேயே படுத்து உறங்குவது நம் பட்டைக்கும் புதிதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அது தீ விபத்து இல்லைதான். ஆனால் அபாயமான கட்டடத்துக்கும் தலையணைக்கும் நடுவே ஒரு சுவர் மட்டும் இருக்கக் கூடாது என்பதை அதைவிடக் கொடூரமாகச் சொல்லும் சம்பவம் இந்த வட்டாரத்தில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு, 2022-இல் நாட்டில் தீ விபத்துகளில் இறந்தவர்கள் 7,400-க்கும் மேல் என்கிறது. அதில் பாதிக்கு மேல் குடியிருப்புகளில் நடந்த மரணங்கள். நம் ஊரில் அனேகமாக ஒவ்வொரு தீக்கும் 'மின்கசிவே காரணம்' என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். மின்கசிவு தீயைத் தொடங்கி வைத்திருக்கலாம். ஆளை வெளியே விடாமல் பிடித்து வைத்தது எது என்ற கேள்விக்குக் கோப்பில் இடமே இல்லை.

சினிமாவில் பார்த்தது பொய்

ஸ்பிரிங்க்ளர் என்றதும் நம் மனதில் வருவது சினிமாக் காட்சி. யாரோ சிகரெட்டை மேலே தூக்கிக் காட்டுவார், கட்டடம் முழுக்க மழை கொட்டும், எல்லோரும் நனைந்து ஓடுவார்கள். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. கூரையில் பதித்த ஒவ்வொரு முனையிலும் சுண்டுவிரலைவிட மெல்லிய கண்ணாடிக் குப்பி ஒன்று தண்ணீரை அடைத்து நிற்கும். அதற்குள் நிறமேற்றிய திரவம். சூடு ஏறும்போது திரவம் விரிந்து குப்பி உடையும். அந்த முனை மட்டும் திறக்கும். அடுத்த அறை நனையாது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கோ, கடுகு வெடிக்கும் தாளிப்புக்கோ, விறகு அடுப்பில் தம் போட்ட பிரியாணிக்கோ அது அசையாது.

குப்பியின் நிறம்தான் அது எந்தச் சூட்டில் உடையும் என்று சொல்லும். ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. உலகம் முழுக்க அலுவலகக் கூரைகளில் அதிகம் தொங்குவது சிவப்பு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, அந்த இடத்தில் எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலான குப்பியைப் போட வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் 42, 43 டிகிரி சாதாரணம். கூட்டிப் பாருங்கள், 68 பற்றாது. மொட்டை மாடி வெயிலை நேராக வாங்கும் மேல்தளத்துக்கும், ஷீட் கூரைக்கும் மஞ்சளோ பச்சையோதான் சரி. சென்னையிலிருந்து வரும் ஒப்பந்ததாரர் மால் ஒன்றில் போட்ட சிவப்பையே கொண்டுவந்து இங்கே மாட்டினால், மே மாதத்தில் தீயே இல்லாமல் தண்ணீர் கொட்டினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவில் தனி வீடுகளுக்கென்றே எழுதப்பட்ட தரம், இரண்டு முனைகள் பத்து நிமிடம் ஓடத் தண்ணீர் இருந்தால் போதும் என்கிறது. ஒரு முனைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டர். நம் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் டேங்கின் அளவு! இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மேலை நாட்டு வீடுகளில் பலவற்றுக்கு மாடியில் தொட்டியே கிடையாது; தெருக் குழாய் அழுத்தத்தை நம்பி இருக்கிறார்கள். நாமோ தண்ணீரைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு வாழ்கிறோம்.

ஆனால் சிக்கல் அழுத்தத்தில் வருகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம்தான். ஒரு முனை ஒழுங்காகத் தெளிக்கக் குறைந்தது அரை பார் வேண்டும். குழாயில் உராய்வால் போவது தனி. தொட்டிக்கு நேர் கீழே மேல்மாடியில் மூன்று மீட்டர் உயரம்கூடத் தேறாது. ஆக ஒரு அழுத்த மோட்டார் வேண்டும், கரன்ட் போனாலும் ஓடும்படி அது இருக்க வேண்டும். அதோடு, கோடையில் டேங்க் காலியாகக் கிடந்தால் எந்த மோட்டாரும் உதவாது. தீக்கென்று ஒதுக்கிய தண்ணீரைக் குளிக்க எடுக்க முடியாதபடி குழாய் மட்டத்தை உயர்த்தி வைக்க வேண்டும். மேஸ்திரிக்குச் சொன்னால் ஒரு மணி நேர வேலை, சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

இந்தப் பட்டைக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. பாலாற்றுக் கரையில் தோல் கழிவு பல ஆண்டுகள் இறங்கிய நிலத்தடி நீர். அதற்காக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் படிக்கிறார். அந்த உப்புத் தண்ணீரை இரும்புக் குழாயில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தால் உள்ளே துரு பிடித்து முனை அடைத்துக்கொள்ளும். இங்கே போடுவதானால் தீக்கென்று தரச்சான்று பெற்ற சிபிவிசி குழாயும், போர்த் தண்ணீருக்குப் பதிலாகக் காவிரிக் கூட்டுக் குடிநீரும்தான் சரிப்படும்.

பெட்ரோல் மாதிரியான கரைப்பான் எரியும்போது தண்ணீர் அதை முழுசாக அணைத்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றியிருப்பது பற்றாமல் குளிர வைக்கும், ஓடுவதற்குச் சில நிமிடங்கள் கொடுக்கும். சொல்யூஷன் டின்னை வீட்டுக்குள் வைத்துவிட்டு ஸ்பிரிங்க்ளர் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு என்ன? அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. பருத்தியும் மரமுமான பழைய காலத்துச் சாமான்கள் போட்ட அறை, மொத்தமாகக் குபீரென்று பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபோம் சோபாவும் செயற்கைத் துணியும் போட்ட இன்றைய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நிலையத்திலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பி, கஸ்பா தெருக்களில் நிற்கும் டூவீலர்களையும் ஆட்டோக்களையும் விலக்கிக்கொண்டு நான்கு நிமிடத்தில் வந்துவிடும் என்று எந்த வீரரும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

பிறர் போன பாதை

வேல்ஸ் சட்டம் ஒரு நாளில் வந்ததில்லை. ஆன் ஜோன்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் விடாப்பிடியாக நின்று 2011-இல் நிறைவேற்றினார். வீட்டு விலை ஏறும் என்று கட்டுநர்கள் எதிர்த்தார்கள். முழுசாக நடைமுறைக்கு வர இன்னும் ஐந்து வருடம். இங்கிலாந்து காத்திருந்தது, லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடிக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ 72 பேரைக் கொன்ற பிறகு, ஸ்பிரிங்க்ளர் கட்டாயத்தை 30 மீட்டரிலிருந்து 11 மீட்டருக்கு இறக்கியது. அது 2020-இல். ஸ்காட்லாந்தில் 2021 மார்ச் முதல் புது அடுக்ககங்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவில் 2009-இன் மாதிரி விதி எல்லாப் புது வீடுகளுக்கும் கேட்டது. கலிஃபோர்னியாவும் மேரிலாண்டும் ஏற்றன. மற்ற பல மாநிலங்கள், கட்டுநர் சங்கங்களின் செல்வாக்கில், யாரும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றே சட்டம் போட்டுக்கொண்டன.

நமக்குப் பொருந்தும் பாதை, என்னைக் கேட்டால், சிங்கப்பூருடையது. அங்கே 2018 ஜூன் 1 முதல் புதுவீடு ஒவ்வொன்றிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சோப்புப்பெட்டி அளவு, பேட்டரியில் ஓடுவது. இங்கேயும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அல்லாபுரம் மாதிரியான வீட்டில், புகை அடர்த்தியாகும் முன்பே தூக்கத்திலிருந்து எழுப்ப இது போதும். சமையலறையில் மட்டும் புகைக் கருவிக்குப் பதில் வெப்பக் கருவியை மாட்ட வேண்டும். இல்லையென்றால் மீன் வறுக்கும் முதல் நாளே அது கழற்றி எறியப்படும்.

எங்கே கட்டாயம் வேண்டும்

ஆக, ஒரு குடும்பம் மட்டும் வசிக்கும் சின்னத் தனி வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்குவது இன்றைக்கு வீண். போட்டுவிட்டுப் பராமரிக்க ஆள் இல்லாமல், இரண்டு வருடத்தில் துணி காயப்போடும் கொக்கியாகிவிடும். அங்கே வேண்டியது புகைக் கருவி, மின்கசிவைத் துண்டிக்கும் டிரிப்பர், இன்னொரு வழி.

அந்த இன்னொரு வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருட்டுப் பயத்தில் நாம் எல்லா ஜன்னலுக்கும் கம்பி வைக்கிறோம், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, வாசலுக்கு கிரில் கேட், அதற்கும் உள்பக்கம் பூட்டு. சாவி தலையணைக்கு அடியில், அல்லது சுவாமி படத்துக்குப் பின்னால். திருடனுக்கு எதிராக நாம் கட்டிய கோட்டை தீக்கு நல்ல வசதி. ஒரு ஜன்னல் கிரில்லையாவது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி கீல் வைத்துச் செய்வதற்கு வெல்டிங் பட்டறையில் ஆகும் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்.

ஆனால் மூன்று வகைக் கட்டடங்களில் ஸ்பிரிங்க்ளர் இல்லாமல் புதிதாக ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது. உயரம் ஏழு மீட்டராக இருந்தாலும் சரி.

முதலாவது, தரைத்தளத்தில் குடோன், பட்டறை, கடை, மேலே குடியிருப்பு என்ற வகை. இதற்குப் புதுக் கோட்பாடே தேவையில்லை. ஒரே கட்டடத்தில் பல பயன்பாடு இருந்தால், தீ தாங்கும் சுவரால் பிரித்திருந்தாலொழிய, அதிக ஆபத்துள்ள பயன்பாட்டுக்கான விதிதான் மொத்தக் கட்டடத்துக்கும் என்று தேசிய நெறிமுறையே சொல்கிறது. வரைபடத்தில் 'வீடு' என்று எழுதிவிட்டால் அந்த வரி செத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, தொழிலாளர் தங்கும் விடுதிகள். ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் வரவர, இந்த வகைக் கட்டடங்கள் பெருகும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்களின் உடல்கள் விமானத்தில் வந்தன. அதில் ஏழு பேர் தமிழர்கள். குவைத்தைத் திட்டித் தீர்த்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பிய தீயும் புகையும் இரண்டு ஆசிரியைகளைக் கொன்றன. வெளிநாட்டில் இறந்த நம் தொழிலாளிக்குக் கேட்ட நியாயத்தை, நம் ஊரில் உறங்கும் பீகார் தொழிலாளிக்கும் கேட்க வேண்டாமா?

மூன்றாவது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாதவர் மூன்றாவது மாடியில் இருப்பார். வாசலில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவிப்பை அவரால் படிக்க முடியாது. தீ என்று கத்தினாலும் புரியாது. ஓடித் தப்ப முடியாதவர் தங்கும் இடத்தில் தீயை அது பிறந்த அறையிலேயே அடக்கினால்தான் உண்டு.

செலவு? கண்டிப்பாக உண்டு. அதை இந்த மூன்று வகையிலும் கட்டடம் கட்டிச் சம்பாதிப்பவர் கொடுக்கலாம். தனி வீட்டுக்காரர் தலையில் விழாது. ஏற்றுமதி நிறுவனங்களும் பங்கு கொடுக்க வேண்டும். கேட்டுக்குள் சிவப்புக் குழாய் போடத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் அப்பர் போய்ச் சேரும் தெருவில் ஒட்டும் வேலைக்கென்று காற்றோட்டமான பொதுக் கொட்டகை கட்டிக்கொடுப்பது பெரிய காரியம் இல்லை. சொல்யூஷன் வீட்டுக்குள் போகாமல் இருப்பதே பாதி வேலை.

விதி மாறினால் ஊர் மாறும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகை மறைந்தது. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் மாடிக் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அந்த எச்சரிக்கைக்கும் இந்தச் சாவுக்கும் நடுவே ஆறு மாதம் இருந்தது. அதில் எதுவும் நடக்கவில்லை.

வீட்டு வசதித் துறைக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். சுயசான்றுப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். தரைத்தளத்தில் சரக்கு வைப்பீர்களா, தொழில் செய்வீர்களா? வாசல் அடைபட்டால் வெளியேற இன்னொரு வழி எங்கே? புகைக் கருவி எந்த அறையில்? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் விண்ணப்பம் தானாகத் தீயணைப்புத் துறைக்குப் போகட்டும். இதற்குச் சட்டமன்றத்தில் புது மசோதா வேண்டாம். 2019 விதிகளை அரசாணை மூலம் இதற்கு முன்பும் பலமுறை திருத்தியிருக்கிறார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கிரில்லுக்குக் கீல் வையுங்கள், படுக்கையறை வாசலுக்கு மேல் ஒரு புகைக் கருவியை மாட்டுங்கள், மின்சார வண்டியைப் படிக்கட்டுக்கு அடியிலோ வாசற்கதவை ஒட்டியோ சார்ஜ் போடாதீர்கள்.